எட்டுப் பேருக்குக் கடன், ஒரே ஒரு தலை

கரும்பு போட்டவருக்கு வருஷத்தில் ஒரு முறைதான் பெரிய பணம் கைக்கு வரும். வெட்டு நெருங்கும் மாதங்களில் வீட்டு நகை அடகுக் கடையில் இருக்கும், மளிகைக் கடையில் பாக்கி ஏறியிருக்கும். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளுக்கு ஆய்வாளர்கள் ஒரே மாதிரியான புதிர்களையும் கவனச் சோதனைகளையும் இரண்டு தடவை கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று வெட்டுக்கு முன்னால், இன்னொன்று பணம் வந்த பின்னால். 2013இல் சயன்ஸ் இதழில் முடிவு வெளியானது. ஆள் அதே ஆள்தான். ஆனால் கையில் காசில்லாத மாதத்தில் தப்பும் அதிகம், யோசிக்கப் பிடித்த நேரமும் அதிகம்.

சிங்கப்பூரில் இதற்கு மறுபக்கத்தைப் பார்த்தார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களின் நாள்பட்ட பாக்கிகளை ஒரு தொண்டு நிறுவனம் அடைத்துக் கொடுத்தது. முன்னும் பின்னும் சோதித்ததில் பதற்றம் குறைந்திருந்தது, கவனம் கூடியிருந்தது. 2019இல் வெளியான அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு விஷயம். அடைபட்ட தொகை ஒரே அளவாக இருந்தாலும், கூடுதலான கணக்குகள் தீர்ந்தவர்களுக்குத்தான் தலை நன்றாகத் தெளிந்தது. எவ்வளவு கடன் என்பதைவிட எத்தனை பேருக்குக் கடன் என்பதுதான் மனசை அதிகம் தின்கிறது.

கடன் மன உளைச்சலுக்கு "பாசிட்டிவா யோசிங்க" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. யோசிக்கிற இயந்திரத்துக்கே சக்தி குறைந்திருக்கும்போது நன்றாக யோசி என்று சொல்லி என்ன பயன்? தலையில் இருப்பதைக் காகிதத்துக்கு மாற்றுவது, கடன்காரர் எண்ணிக்கையைக் குறைப்பது, போனுக்கு நேரம் வகுப்பது, வீட்டில் மறைப்பதை நிறுத்துவது. உளைச்சலைக் குறைக்கும் வேலைகள் இவைதான்.

முதலில் ஒரு தாள்

ஒரு முழு நீளத் தாளைக் குறுக்காக வையுங்கள். போனில் எழுத வேண்டாம். எழுதும்போதே அதில் வசூல் அழைப்பு வரும். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி: யாருக்கு, கையில் வாங்கியது எவ்வளவு, இன்று பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும், ஈடாக என்ன கொடுத்திருக்கிறோம் (வெற்றுச் செக்கா, புரோநோட்டா, நகையா, ஆர்சி புக்கா, ஒன்றுமில்லையா). கடைசிக் கட்டத்தில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு எண்: இந்தக் கடனை நினைத்தால் எவ்வளவு பயமாக இருக்கிறது?

அந்தக் கடைசி எண்ணை விட்டுவிடாதீர்கள். 90,000 ரூபாய் கிரெடிட் கார்டுக்கு 4 போட்டிருப்பார்கள், மச்சானிடம் வாங்கிய 15,000 கைமாத்துக்கு 9 போட்டிருப்பார்கள். பயமும் தொகையும் ஒரே வரிசையில் நிற்பதில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எதை எப்படிக் கையாள்வது என்பது பிடிபடும்.

இந்த வேலையில் பெரும்பாலானவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, கைமாத்தையும் மளிகை பாக்கியையும் கடனாகவே எழுத மாட்டார்கள். இன்னொன்று, பாக்கித் தொகையைக் குத்துமதிப்பாகப் போடுவார்கள். வங்கி, நிதி நிறுவனக் கடன் எல்லாம் தெரிய கிரெடிட் அறிக்கையை எடுத்துவிடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாம் மறந்துபோன பழைய ஆப் கடன்கூட அதில் நிற்கும்.

வட்டியை எல்லாவற்றுக்கும் வருஷக் கணக்காக மாற்றி எழுதுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். பத்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாசம் பத்து ரூபாய், வருஷத்துக்கு 120 சதவீதம். தண்டலில் 10,000 என்று பேசி 8,500ஐக் கையில் கொடுத்து, நூறு நாள் நூறு நூறு ரூபாயாக வாங்குவார்கள். "ஆயிரத்தி ஐநூறுதானே" என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், போட்டுப் பார்த்தால் அதுவும் வருஷத்துக்குச் சுமார் 120 சதவீதம்தான். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் பெரும்பாலும் 40 சதவீதத்தைத் தாண்டும். அதோடு புதிதாக வாங்கும் பாலுக்கும் பெட்ரோலுக்கும்கூட அன்றிலிருந்தே வட்டி ஓடும். கார்டைத் தேய்ப்பதை நிறுத்தாமல் கார்டுக் கடன் குறையாது.

இந்தத் தாளை எழுதி முடித்த அன்று மனசு லேசாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் இன்னும் கனமாகத்தான் இருக்கும், மொத்தத் தொகையை ஒரே இடத்தில் பார்த்த அதிர்ச்சி அது. அந்த நாட்களில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். குறிப்பாகப் புதுக் கடன் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

எதை முதலில் அடைப்பது

கணக்கு வாத்தியார் அதிக வட்டிக் கடனை முதலில் அடைக்கச் சொல்வார். அது சரிதான். ஆனால் தலை தெளிவது கணக்குகளின் எண்ணிக்கை குறையும்போது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம். எட்டுப் பேருக்கு மொத்தம் 3,60,000 ரூபாய் கடன். அதில் தண்டலில் மிச்சம் 4,000, ஒரு ஆப்பில் 6,000, இன்னொரு ஆப்பில் 9,500. இந்த மூன்றையும் தீர்க்க 19,500 வேண்டும். தொகையில் ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் குறையும். ஆனால் எட்டு, ஐந்தாகிவிடும். தினமும் வாசலுக்கு வருகிறவரும் மணிக்கொரு தடவை கூப்பிடுகிறவரும் போய்விடுவார்கள். நல்ல வேளையாக நம்மூரில் சின்னக் கடன்தான் பெரும்பாலும் கொடிய வட்டிக் கடனாகவும் இருக்கிறது. கணக்கும் மனசும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன.

அந்த 19,500 எங்கிருந்து வரும்? வருஷக்கணக்காக வட்டி கட்டி மாற்றி மாற்றி வைக்கும் நகை ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. திருப்பவே முடியாது என்று தெரிந்த நகைக்கு வட்டி கட்டிக்கொண்டே இருந்து, கடைசியில் அது மூழ்கிப் போவதைவிட, ஒன்றைத் திருப்பி விற்றுவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றுவது மேல். அம்மா போட்ட நகை என்ற வலி நியாயமானது. ஏலத்தில் போனாலும் அதே வலிதான், கூடவே கட்டிய வட்டியும் போயிருக்கும்.

சின்னதை அடைக்கும் அவசரத்தில் தவணை தவறவே கூடாத சில கடன்கள் உண்டு. குடியிருக்கும் வீட்டின் மேல் வாங்கியது, பிழைப்புக்கான வண்டியின் தவணை, செக் கொடுத்து வாங்கியது. இவை தவறினால் விளைவு வேறு மாதிரி. வீட்டுக் கடன் 90 நாள் தாண்டி வாராக் கடனானால் 60 நாள் கெடு வைத்து வங்கி நோட்டீஸ் அனுப்பலாம், அதன்பின் வீட்டின் மேல் கை வைக்கலாம். முடியவில்லை என்றால் 90ஆவது நாளுக்கு முன்பே கிளைக்குப் போய்த் தவணைக் காலத்தை நீட்டித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். முதல் மாதமே போகிறவருக்கு மேனேஜர் செய்யக்கூடியது அதிகம், நான்காவது மாதம் போகிறவருக்குக் குறைவு.

எல்லாவற்றையும் ஒரே கடனாக்கித் தருகிறோம் என்று வரும் அழைப்புகளில் எச்சரிக்கை வேண்டும். ஒன்றாக்குவதில் தப்பில்லை. பழைய கணக்குகள் உண்மையிலேயே மூடப்பட வேண்டும், கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்படி மூடாதவர்கள் ஆறு மாதத்தில் புதுக் கடனோடு பழைய கார்டையும் நிரப்பிவிடுகிறார்கள். கடனைக் கொடுக்கும் முன்னாலேயே பிராசஸிங் ஃபீஸ் என்று ஜிபேயில் பணம் கேட்டால், அது கடன் இல்லை, மோசடி. சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லிவிடுங்கள்.

போன்

ஒலி வந்தாலே நெஞ்சு படபடக்கும் நிலை வந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் செய்வது பிளாக் செய்வது. ஒரு வாரம் நிம்மதி. பிறகு ஏஜென்ட் ரெஃபரன்ஸ் கொடுத்த மாமாவைக் கூப்பிடுவார், ஆபீஸ் நம்பரைத் தேடுவார். உறவினருக்குப் போன் போடுவதற்கு அவருக்கு உரிமை கிடையாது, ஆனாலும் நடக்கிறது.

இதைவிட நல்ல வழி, பேசும் நேரத்தை நீங்கள் தீர்மானிப்பது. நிறுவனத்தின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதுங்கள்: இந்த ஒரு எண்ணில், காலை 11 முதல் 11.30 வரை மட்டும் பேசுவேன், உறவினர்களையும் அலுவலகத்தையும் தொடர்புகொள்ளக் கூடாது. அந்த எண்ணைத் தனி சிம்மில் வைத்துக்கொண்டு மற்ற நேரம் அணைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. குழுக் கடனான மைக்ரோ ஃபைனான்ஸில் அது காலை 9 முதல் மாலை 6 வரைதான். வசூல் இருவரும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவையாவது அங்கே வராமல் போனால் மட்டுமே வீட்டுக்கு வரலாம். குழுவில் இருக்கும் பெண்களுக்கு இந்த விதி பெரும்பாலும் தெரியாது. ஒருவர் கட்டாத வாரம் மற்றவர்கள் அவர் வீட்டு வாசலில் உட்காரவைக்கப்படுவதால், ஏஜென்ட்டைவிட அக்கம்பக்கத்து முகம்தான் அதிகம் வலிக்கும். கட்ட முடியாது என்று தெரிந்த வாரம் முதல் நாளே குழுத் தலைவியிடம் தொகையையும் தேதியையும் சொல்லிவிட்டால் அந்த வாசல் கூட்டம் பெரும்பாலும் நடக்காது.

போனில் பேசும்போது நம்மை நாமே மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. திட்டிலிருந்து தப்பிக்க "வெள்ளிக்கிழமை கட்டிடறேன் சார்" என்று சொல்லிவிடுவோம். எதிர்முனையில் அதை பிடிபி என்று, அதாவது கட்டுவதாக வாக்கு என்று, தேதியோடு பதிவு செய்வார்கள். வெள்ளி தவறியதும் அழைப்பு இரட்டிப்பாகும், பேச்சின் தொனியும் மாறும். அவர்களுக்கு மாதக் கடைசியில் இலக்கு இருப்பதால் 25ஆம் தேதிக்கு மேல் இன்னும் கூடும்; அது உங்கள் மேல் தனிப்பட்ட கோபம் இல்லை. எழுதி வைத்துக்கொண்டு இதை மட்டும் சொல்லுங்கள்: "இந்த மாசம் 14ஆம் தேதி 1,500 ரூபாய் கட்டுவேன். அதுக்கு மேல இப்ப முடியாது. நீங்க சொல்றதை எழுத்துல அனுப்புங்க." மூன்றாவது தடவை அதே கேள்வி வந்தால் அதே பதில், பிறகு "வெச்சிடறேன் சார்". விளக்கம் சொல்லத் தொடங்கினால் வாக்குவாதம் ஆகும், வாக்குவாதத்தின் முடிவில் இன்னொரு பொய்த் தேதி வாயிலிருந்து வரும்.

வாட்ஸ்அப்பில் கைது வாரண்ட் என்று பிடிஎஃப் வந்தால் பதற வேண்டாம். கடன் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல, சிவில் விவகாரம். உண்மையான வழக்குக்கு, எழுத்தும் இலக்கமும் கலந்து 16 இடத்தில், சிஎன்ஆர் என்ற வழக்கு எண் இருக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் தெரிந்துவிடும். ஆனால் பதிவுத் தபாலைத் திறக்காமல் வைப்பது ஆபத்து. செக் திரும்பினால் செக் சட்டத்தின் 138ஆம் பிரிவில் நோட்டீஸ் வரும், கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் அது குற்ற வழக்காகும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தவணை பணமில்லாமல் திரும்பினாலும் சட்டத்தில் கிட்டத்தட்ட அதே நிலைதான். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம்.

மிரட்டலோ ஆபாசமோ இருந்தால் தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை நான்கையும் எழுதி முதலில் நிறுவனத்துக்குப் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) சிஎம்எஸ் என்ற அதன் புகார் தளத்தில் இலவசமாகப் பதியலாம். விவரம் கேட்க 14448. கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் எல்லாம் தமிழ்நாட்டில் 2003ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், மூன்று வருஷம் வரை சிறை. அந்தச் சட்டத்திலேயே கடன் வாங்கியவர் பணத்தை நீதிமன்றத்தில் கட்டிக் கணக்கை முடிக்கச் சொல்லிக் கேட்கவும் வழி இருக்கிறது. 2025இல் மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்கத் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. உள்ளூர் ஸ்டேஷனில் தயக்கம் இருந்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வீட்டில் சொல்வது

மனைவிக்குத் தெரியாமல் நகையை வைத்தவரும், கணவருக்குத் தெரியாமல் குழுவில் எடுத்தவரும் நம் தெருக்களில் ஏராளம். கடனின் உளைச்சலில் பாதி இந்த மறைப்பு வேலையில்தான் போகிறது: தபாலை முதலில் எடுப்பது, போனைக் கவிழ்த்து வைப்பது, கல்யாண சீசனில் "நகை எங்கே" என்ற கேள்விக்குப் பதில் தயார் செய்வது.

கடனைத் தவணையில் கட்டலாம், உண்மையைத் தவணையில் சொல்லக் கூடாது. இன்று ஒரு லட்சம், அடுத்த மாதம் "இன்னொண்ணும் இருக்கு" என்றால் மூன்றாவது தடவை யாரும் நம்ப மாட்டார்கள். தாளை முழுதாக முடித்துவிட்டு, ஞாயிறு காலை மாதிரி ஒரு நேரத்தில், பிள்ளைகள் இல்லாதபோது, குடிக்காமல், தாளைக் கையில் கொடுத்துவிடுங்கள். முதல் வாக்கியத்திலேயே மொத்தத் தொகை வரட்டும். அன்று கோபம்தான் வரும், சமாதானம் அன்றே வர வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு "இந்த வருஷம் செலவைக் குறைக்கிறோம், அப்பா அம்மா பார்த்துக்கிறோம்" என்பது போதும். போனை எடுத்து "அப்பா இல்லை" என்று பொய் சொல்லும் வேலையை மட்டும் அவர்களிடம் தராதீர்கள்.

கைமாத்துக்குத் தனி மருந்து. பணம் இல்லையென்று உறவுக்காரர் விசேஷத்துக்கே போகாமல் இருப்பார்கள். கொடுத்தவர் அதைத்தான் ஏமாற்று என்று எடுத்துக்கொள்வார். மாசம் 500 ரூபாயாவது கொண்டுபோய்க் கொடுத்து, "அண்ணே, மிச்சம் 14,500, தை முடிஞ்சு பெருசா தர்றேன்" என்று மிச்சத் தொகையை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். கடன்பட்டவர் தொகையை மறக்கவில்லை என்பதுதான் கொடுத்தவருக்கு வேண்டியது. பயக் கட்டத்தில் இருந்த 9 இதற்குப் பிறகு மளமளவென இறங்கும்.

ஆன்லைன் ரம்மியோ பந்தயமோ கடனுக்குக் காரணம் என்றால் மேலே சொன்ன எதுவும் தனியாக நிற்காது. அடைத்த இடத்திலேயே மறுபடி பள்ளம் விழும். சம்பளம் வரும் கணக்கையும் யுபிஐயையும் ஒரு வருஷத்துக்கு வீட்டில் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். அது புத்தி சொல்லித் தீருகிற விஷயம் இல்லை.

இரவு

கடன்பட்டவரின் தூக்கம் பெரும்பாலும் படுத்தவுடன் கெடுவதில்லை. மூன்று மணிக்கு விழிப்பு வந்து கணக்கு ஓடத் தொடங்கும். அந்த நேரத்துக் கணக்கு எப்போதும் தப்பாகவே வரும். இரவு எட்டுக்கு மேல் தாளைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் வேலைக்குப் பகலில் அரை மணி, அவ்வளவுதான். நடுவில் விழித்து இருபது நிமிஷத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், போன் கையில் இல்லாமல். மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது, ஐந்து நிமிஷம். மதியம் மூன்றுக்கு மேல் டீ காபி வேண்டாம். ராத்திரி ஒரு குவார்ட்டர் போட்டால் தூக்கம் வருவது உண்மை, அந்த மூன்று மணி விழிப்பைக் கொண்டுவருவதும் பெரும்பாலும் அதுவே.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் ஆர்வம் எல்லாம் சேர்ந்து போய்விட்டால் அதைக் கடன் கவலை என்று தள்ளிவிடாமல் வைத்தியத்துக்குப் போக வேண்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி", "என்னோட கடனும் போயிடும்" என்று யோசனை ஓடினால் அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 எந்த நேரமும் தமிழில் பேசும், 104 இருக்கிறது, சென்னையில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகா, 044-24640050. அந்த யோசனை கணக்காகவும் தப்பு. ஜாமீன் போட்டவரும் கூட்டுக் கையெழுத்துப் போட்டவரும் கடனோடு அப்படியே நிற்பார்கள், விட்டுச்செல்லும் சொத்தின் அளவுக்கு வாரிசுகளிடமும் கேட்கலாம். பக்கத்தில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டால் "சாகணும்னு தோணுதா" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பதில் ஆமாம் என்றால் தனியாக விடாமல் கூடவே இருங்கள்.

ஒரு கடன் அடைந்ததும்

ஒவ்வொரு கடனும் தீர்ந்த அன்றே காகிதத்தை வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் தலைக்குள் அது மூடாது. நிறுவனமென்றால் பாக்கி இல்லை என்ற சான்று, அதாவது என்ஓசி. தண்டல்காரர், வட்டிக்காரர் என்றால் புரோநோட்டு, வெற்றுச் செக், வெற்றுப் பத்திரம் மூன்றையும் கையில் வாங்கி, எண்ணைச் சரிபார்த்துக் குறுக்கே கோடு போட்டு வையுங்கள். "தேடித் தர்றேன்" என்றால் பணம் பெற்றுக்கொண்டதாக அங்கேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். குறைத்துப் பேசி முடித்த கடன் அறிக்கையில் செட்டில்டு என்று நிற்கும், முழுதாகக் கட்டியது க்ளோஸ்டு என்று நிற்கும். செட்டில்டு இருந்தால் சில வருஷம் புதுக் கடன் கிடைப்பது கடினம், இந்த நிலையில் அது அவ்வளவு மோசமான செய்தி இல்லை. இரண்டு மாதம் கழித்து அறிக்கையை மறுபடி பாருங்கள். கட்டிய கடன் பாக்கியாகவே காட்டினால் புகார் போடுங்கள்; 30 நாளில் சரிசெய்யாவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும்.